பாதீடு

நம்முடைய சரித்திர நாவல்களில் யுத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. யானை உண்டு, குதிரை உண்டு, கோட்டைச் சுவரில் ஏணி சாத்துகிற வீரன் உண்டு. யுத்தம் முடிந்த மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் சொல்லுவதில்லை. வெற்றி முரசு கொட்டியதும் ஆசிரியர் கதாநாயகனையும் கதாநாயகியையும் தேடிக்கொண்டு போய்விடுகிறார். ஜெயித்தவர்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து, எந்த ஊர் யாருக்கு, எத்தனை பணம் எத்தனை தவணையில், யார் பிள்ளையைப் பிணையாகப் பிடித்து வைப்பது என்று பேசியிருப்பார்களே, அந்தப் பேச்சு எங்கே? யுத்தத்தைவிட அதுதான் நாவலுக்கு ஏற்ற விஷயம் என்று எனக்குப் படுகிறது. யுத்தத்தில் மனிதன் வெட்டுகிறான் அல்லது வெட்டுப்படுகிறான். பேச்சு மேஜையில்தான் அவனுடைய குணம் முழுசாக வெளியே வருகிறது.

கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தையே எடுத்துக்கொள்ளலாம். வாதாபி எரிகிறது. கதை காஞ்சிக்குத் திரும்புகிறது. சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் ஆடுகிறாள். சிவகாமியின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு இல்லை. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் 642-ல் விழுந்த வாதாபி அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் பல்லவர் கையில் இருந்தது. நரசிம்மவர்மனின் கல்வெட்டு ஒன்று அங்கே பாறையில் இன்றும் இருக்கிறது. அந்தப் பத்து வருஷம் அந்த ஊரில் வரி வசூலித்தவன் யார்? அவனுக்கும் ஊர்க்காரனுக்கும் என்ன பேச்சு நடந்தது? பல்லவனோடு நின்ற இலங்கை இளவரசன் மானவன்மனுக்கு, பின்னால் இலங்கைச் சிம்மாசனத்தைப் பிடிக்கப் பல்லவப் படை போயிற்று. ஒரு தரம் தோற்று, மறு தரம் ஜெயித்தது. இது சும்மா கொடுத்த உதவியா, பேசி வைத்த கூலியா? இந்தக் கேள்வியிலேயே ஒரு நாவல் இருக்கிறது.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தை அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியர் வெட்சித் திணைக்குச் சொல்லுகிற துறைகளில் ஒன்றுக்குப் பெயர் பாதீடு. பகைவனுடைய மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாயிற்று. ஊர் மன்றத்தில் நிறுத்தியாயிற்று. இனிமேல் பங்கு பிரிக்க வேண்டும். அதுதான் பாதீடு. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் நுணுக்கமாகப் போகிறது. அவரவர் செய்த காரியத்துக்குத் தக்கபடி பங்கு. ஒற்றுப் பார்த்துச் செய்தி கொண்டு வந்தவனுக்குக் கூடுதல். நல்ல சகுனம் பார்த்துச் சொன்னவனுக்கும் ஒன்று உண்டு. சண்டையே போடாமல் சகுனம் மட்டும் சொன்னவனுக்கு எத்தனை மாடு என்பதில் எவ்வளவு மனஸ்தாபம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! ஆனால் இலக்கணம் பங்குக்கு விதி சொல்லுகிறதே தவிர, பங்கு பிரிக்கும்போது நடந்த சண்டையைச் சொல்லுவதில்லை. மாட்டைப் பறிகொடுத்தவனுடைய கதை அந்த மன்றத்தில் வருவதே இல்லை. அவனுக்குக் கரந்தை என்று தனியாக ஒரு திணை. இலக்கணத்திலேயே அவனை வேறு அறையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் வரிசைப்படுத்தி யோசித்தது சோளக்காட்டில். கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி முதலில் வந்து மூச்சு வாங்குகிற ஊர் அது. சந்தை கூடுகிற நாளில் மலைக்காரர்கள் பலாப்பழமும் வாழைத்தாரும் மிளகும் கொண்டு வந்து போடுகிறார்கள். நான் நின்ற இடத்தில், இரண்டு வியாபாரிகள் கூட்டாகப் பேசி வாங்கிய பலாப்பழக் குவியலை யாருக்கு எத்தனை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். விலை பேசி முடித்து அரை மணி ஆகியிருந்தது. சண்டை அவர்கள் இரண்டு பேருக்குள்தான். பழம் கொண்டு வந்த அம்மாள் பணத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு இன்னும் பணம் வரவில்லையா அம்மா?" என்றேன். "அவங்க பேசி முடிக்கட்டும் சாமி" என்றாள்.

அந்தப் பலா சாமானியமான பலா அல்ல. சங்கப் பாட்டில் வருகிற பலா. கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. இப்போது செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆடி மாதத்தில் அரசாங்கம் விழா நடத்துகிறது. அவனைக் கொன்றவன் மலையமான் திருமுடிக் காரி. கொன்று மலையைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, சேரர்களுக்குக் கொடுத்துவிட்டான். இந்தச் செய்தி நமக்கு எங்கிருந்து தெரிகிறது? புறநானூற்றில் யாராவது விஸ்தாரமாகப் பாடி வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அகநானூற்றில் கல்லாடனார் பாடியதாக வரும் ஒரு பாலைப் பாட்டில் இருக்கிறது. தலைவனைப் பிரிந்து வாடுகிற பெண்ணின் அழகு எப்படிப்பட்டது? கொல்லிப்பாவை போன்றது. கொல்லி எது? சிவந்த வேர்ப் பலா நிறைந்த, காரி ஓரியைக் கொன்று சேரருக்குக் கொடுத்த மலை. ஒரு ராஜ்யம் கைமாறின கதை, ஒரு பெண்ணின் அழகுக்கு வந்த உவமைக்குள்ளே அடைமொழியாக ஒடுங்கிக் கிடக்கிறது.

இதைவிட ஆச்சரியம் நற்றிணையில் இருக்கிறது. கபிலர் பாட்டு, மருதத் திணை. திருவிழா முடிந்த தெருவில் ஒரு பரத்தை அலங்காரத்தோடு நடந்து போகிறாள். ஊரே சலசலக்கிறது. எப்படிச் சலசலத்தது? ஓரியைக் கொன்றுவிட்டு, அவனுடைய பெரிய தெருவிலே காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் போல. தோற்றுப்போன ஊரின் சத்தம் நமக்குக் கேட்கிறது இந்த ஒரே இடத்தில்தான். அதுவும் பெண்டாட்டிமார் தங்கள் புருஷன்மாரைப் பத்திரமாகக் காத்துக்கொண்ட ஒரு சமாசாரத்துக்கு நடுவில். கபிலர் விளையாட்டாகச் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா? வேண்டுமென்றேதான் என்பது என் கட்சி. காரியையும் நேரில் பாடிய கவி அவர். வேந்தர் மூவரில் ஒருவர் துணை வேண்டிக் கொடுக்கிற பொருள்தான் காரிக்கு வருமானம் என்று பட்டென்று சொன்னவரும் அவரே. காரியின் முகத்துக்கு எதிரே ஓரியின் தெருவைப் பற்றிப் பேச முடியாது. ஆகையால் ஒரு பரத்தையின் பின்னால் அதை அனுப்பி வைத்தார். சபையில் சொல்ல முடியாததை அகத்துக்குள் மறைத்து வைக்கிற இந்த சாமர்த்தியத்தை நம் விமர்சகர்கள் போதுமான அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

மலை சேரர் கைக்கு வந்ததோடு விவகாரம் தீரவில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை அதிகமானையும் அவனோடு சேர்ந்த இரு பெருவேந்தரையும் வென்றது கொல்லிக் கூற்றத்திலேதான் என்றும், பிறகு தகடூரை அழித்தான் என்றும் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் சொல்லுகிறது. அவனைப் பாடியவர் அரிசில் கிழார். அவருக்குக் கிடைத்த பரிசைப் பற்றிப் பதிகம் சொல்லுகிற விவரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அரசனும் அரசியும் அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உமக்கு என்கிறார்கள். ஒன்பது லட்சம் காசு; சிம்மாசனமும் கூட. கவி சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மந்திரி வேலையை ஏற்றுக்கொண்டார்.

எனக்கு இங்கேதான் வயிற்றெரிச்சல். தகடூர் அழிந்த பிறகு அதிகமானின் நாடு என்ன ஆயிற்று, அங்கே யாரை உட்கார வைத்தார்கள், கொல்லியின் மிளகும் தேனும் யாருக்குப் போயிற்று என்பதெல்லாம் அந்த மந்திரிக்குத் தெரிந்திருக்கும். அவர் கவியும் கூட. நமக்குக் கிடைத்திருப்பதோ அரசன் புகழ் பாடும் பத்துப் பாட்டு. அந்தப் போரைப் பற்றியே இருந்த தகடூர் யாத்திரை என்ற நூலும் முழுசாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சிய செய்யுட்களைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறோம்.

உத்தியோகத்தில் இருந்த ஓர் எழுத்தாளர் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேல்நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. கல்லூரியில் நான் இருந்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் பாடப் புஸ்தகத்துக்கு வெளியே நான் படித்த ஒரே பொருளாதாரப் புஸ்தகம் கெயின்ஸ் எழுதிய 'சமாதானத்தின் பொருளாதார விளைவுகள்'. பொருளாதாரம் எனக்குப் புரியவில்லை. நாவல் போல வாசித்தேன். முதல் உலக யுத்தம் முடிந்து 1919-ல் பாரிஸில் கூடிய சமாதான மகாநாட்டில் கெயின்ஸ் பிரிட்டிஷ் கஜானாவின் பிரதிநிதி. ஜெர்மனியிடம் கேட்கிற ஈட்டுத் தொகை அநியாயம் என்று தோன்றியதும் ஜூன் மாதத்தில் ராஜிநாமா செய்தார். டிசம்பரில் புஸ்தகம் வந்துவிட்டது.

அதில் மூன்றாவது அத்தியாயம் ஒன்று போதும். கிழவர் கிளெமான்ஸோ, கையுறையைக் கழற்றாமல், கணப்புக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிரான்ஸுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு எதுவும் அவர் காதில் ஏறாது. வில்ஸன் பெரிய தர்மங்களோடு அமெரிக்காவிலிருந்து வந்தவர். அந்தத் தர்மங்களை ஷரத்துகளாக்குவதற்கு அவரிடம் திட்டம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களின் சாமர்த்தியத்தைப் புரிந்துகொள்ளுகிற வேகமும் இல்லை. லாயிட் ஜார்ஜ் அவரை வார்த்தையால் மயக்கி ஒரு நிலைக்குக் கொண்டு வருகிறார். கடைசி நேரத்தில் லாயிட் ஜார்ஜுக்கே பயம் வந்து, கொஞ்சம் இளக்கலாம் என்று பார்த்தால் வில்ஸன் அசைய மறுக்கிறார். தான் செய்தது தர்மம்தான் என்று அவர் அதற்குள் மனப்பூர்வமாக நம்பிவிட்டார்! மயக்குவதைவிட மயக்கம் தெளிவிப்பது கஷ்டமாகப் போயிற்று என்கிறார் கெயின்ஸ். எந்த நாவலாசிரியனும் பொறாமைப்பட வேண்டிய இடம் இது. லாயிட் ஜார்ஜைப் பற்றி எழுதிய பகுதியை மட்டும் அப்போது வெளியிடத் தயங்கி, 1933-ல்தான் வெளியிட்டார்.

அதே 1933-ல் ஹெரால்ட் நிகல்ஸன் தம்முடைய பாரிஸ் டைரியை அச்சிட்டார். அவர் அந்த மகாநாட்டில் சின்ன உத்தியோகஸ்தர். பெரியவர்கள் மூன்று பேர் படத்தை விரித்துவைத்துக்கொண்டு ஆசியா மைனரை இனிப்பு ரொட்டி மாதிரி துண்டு போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திகைத்துப் போனார். துண்டு போடப்படுகிற நாட்டுக்காரன் ஒருவனும் அந்த அறையில் இல்லை. ஜெர்மனிக்கும் இதே மரியாதைதான். 1919 மே 7-ந் தேதி தயாரான உடன்படிக்கையை ஜெர்மன் தூதுக் குழுவின் கையில் கொடுத்தார்கள். பதில் இருந்தால் எழுத்து மூலம் தரலாம், நேர்ப் பேச்சு கிடையாது. குழுத் தலைவர் பிராக்டார்ஃப்-ரான்ட்ஸாவ் தம் பதிலை எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே படித்தார். அவர் கையில் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் நாற்காலி.

ஆக, பாரிஸில் ஆறு மாதம் நடந்த பேச்சு, ஜெயித்தவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட பேச்சு. நம் இலக்கணக்காரன் ஒரே சொல்லில் சொல்லியிருப்பான்.

கெயின்ஸிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அறைக்குள் இருந்த நாலு பேரை அவர் பார்த்த மாதிரி யாரும் பார்த்ததில்லை. அறைக்கு வெளியே ஐரோப்பாவைத் தவிர வேறு உலகம் இருப்பதாக அவர் புஸ்தகத்தைப் படித்தால் தெரியாது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து அந்த யுத்தத்துக்குப் போனார்கள். 1919 ஜூன் 28-ல் வெர்ஸேல்ஸில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் இருவர்: இந்தியா மந்திரி மாண்டேகு, பிகானீர் மகாராஜா கங்கா சிங். அதற்கு இரண்டரை மாதம் முன்னால் நடந்தது ஜாலியன்வாலா பாக். ஜெயித்த கட்சியின் நாற்காலியில் நாமும் இருந்தோம் என்பது காகிதத்தில் உண்மை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த மகாராஜாவின் மனசுக்குள் நுழைந்து பார்க்க எந்த எழுத்தாளனுக்கும் ஆசை வரவேண்டாமா?

அடுத்த யுத்தம் முடிந்தபோது நமக்கு நிஜமான நாற்காலியே கிடைத்தது. ஜப்பானோடு சமாதானம் செய்ய 1951-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூட்டிய மகாநாட்டுக்கு இந்தியா போகவில்லை. 1952 ஜூன் 9-ல் தனியாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, நஷ்ட ஈடு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. நாகரிகமான காரியம். ஆனால் நாவலுக்கு உதவாது. விட்டுக்கொடுக்கிறவர்களிடம் கதை குறைவு.

இப்படிப்பட்ட அறையை நாவலில் எழுதுவது எப்படி? டால்ஸ்டாய் செய்து காட்டியிருக்கிறார். 1807-ல் நெப்போலியனும் ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்ஸாந்தரும் டில்ஸிட்டில், நதி நடுவே மிதவையில் சந்தித்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்தச் சமாதானத்தில் தன் ராஜ்யத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்தவன் பிரஷ்ய அரசன். முதல் நாள் சந்திப்பின்போது அவன் கரையிலே காத்து நின்றான். 'போரும் அமைதியும்' நாவலில் டால்ஸ்டாய் நம்மை மிதவைக்குள் அழைத்துப் போவதே இல்லை. ரோஸ்தோவ் என்ற இளம் அதிகாரியை முதலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். கை இழந்தவன், கால் இழந்தவன், உயிரோடு இருப்பவனுக்குப் பக்கத்திலேயே செத்தவன், சகிக்க முடியாத நாற்றம். அங்கே கிடக்கிற சிநேகிதனுக்காக ஒரு மன்னிப்பு மனுவை எடுத்துக்கொண்டு ரோஸ்தோவ் டில்ஸிட்டுக்கு வருகிறான். நேற்று வரை சுட்டவர்களோடு இன்று விருந்து. மனுவை அலெக்ஸாந்தர் நிராகரிக்கிறார். சட்டம் தம்மைவிடப் பெரிது என்கிறார். சற்று நேரத்தில் அணிவகுத்து நின்ற ரஷ்யச் சிப்பாய்களில் ஒருவனுக்கு நெப்போலியன் தன் கையால் பதக்கம் குத்துகிறான். அந்தச் சிப்பாய்க்கு எதற்கென்றே தெரியாது. ரோஸ்தோவின் மூக்கில் இன்னும் ஆஸ்பத்திரி நாற்றம் போகவில்லை. பேச்சுவார்த்தையின் ஒரு வாக்கியம்கூட இல்லாமல், அந்தச் சமாதானம் என்ன விலைக்கு வந்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கபிலர் தெருவின் ஆரவாரத்தைப் பிடித்ததும் இப்படித்தான்.

ருஷ்யாவுக்குப் போவானேன்? நம் வாசலிலேயே ஒன்று எழுதப்படாமல் கிடக்கிறது. 1792-ல் கும்பெனியும் நிஜாமும் மராட்டியரும் சேர்ந்து திப்பு சுல்தானை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மடக்கினார்கள். ஷரத்து இதுதான்: ராஜ்யத்தில் பாதி, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், அதில் சரிபாதி உடனே, மீதி மூன்று தவணையில், பணம் கட்டி முடிகிற வரையில் இரண்டு பிள்ளைகள் பிணை. பாதி ராஜ்யம் என்றால் நிலத்தில் பாதி அல்ல, வருமானத்தில் பாதி. ஆகவே மூன்று கூட்டாளிகளும் கணக்குப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு சீமை சீமையாக, வராகன் வராகனாகப் பிரித்தார்கள். மலபார், பாராமகால், திண்டுக்கல் எல்லாம் கும்பெனியின் பங்கு. சேலம், நாமக்கல் பக்கமும் அதில்தான் வந்தது. ஓரியின் மலை இன்னொரு தரம் கைமாறியது. முதற்கட்ட ஒப்பந்தம் ஆன பிறகு கும்பெனி குடகையும் கேட்டது. உங்கள் எல்லையைத் தொடாத நாட்டை எப்படிக் கேட்கலாம் என்று திப்பு கொதித்தான். பேச்சு முறியும்போல் இருந்தது. பையன்கள் அதற்குள் கார்ன்வாலிஸின் கையில் இருந்தார்கள். மார்ச் 18-ல் உடன்படிக்கை முடிந்தது. குடகும் போயிற்று.

பையன்கள் பெயர் அப்துல் காலிக், மொய்ஸுத்தீன். ஒருவனுக்குப் பத்து வயசு, மற்றவனுக்கு எட்டு. அலங்கரித்த யானையில் வந்து இறங்கினார்கள். கார்ன்வாலிஸ் இருவரையும் தழுவி, இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். இங்கிலீஷ் ஓவியர்கள் போட்டி போட்டுக்கொண்டு இந்தக் காட்சியைத் தீட்டினார்கள். படங்களில் கார்ன்வாலிஸ் தகப்பனைப் போல் இருக்கிறார். பிறகு பையன்களைச் சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். கர்நாடக சங்கீதமும் வங்கக்கடல் காற்றுமாக இருக்கிற நம் சென்னையில் அவர்கள் இரண்டு வருஷம் பிணையாக வளர்ந்தார்கள். வெளியூரில் தங்கின பிள்ளைகள் கடிதத்துக்குக் காத்திருப்பதுபோல, அவர்கள் அப்பாவின் தவணைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1794-ல்தான் திருப்பி அனுப்பினார்கள். 1799-ல் திப்பு இறந்ததும் மறுபடியும் பிடித்து, இந்தத் தடவை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலையில் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தபோது, அதற்கு உடந்தை என்று கும்பெனி அதிகமாகச் சந்தேகப்பட்டது மொய்ஸுத்தீனை. கடிகாரம் வாங்கிக்கொண்ட இருவரில் சின்னவன் அவன். அப்போது அவனுக்கு வயசு இருபத்திரண்டு இருக்கும். அவனையும் குடும்பத்தாரையும் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.